நாற்காலிக்கு நேராய் நின்ற நட்சத்திரம்

1.
இந்தக் கதை என் மனைவி செய்த ஒரு தப்பில் பிறந்தது. நானாக யோசித்ததில்லை. அவ்வளவு கற்பனை இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

அவள் கூரை ஓவியர். ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவச் சங்கத்தின் கூடத்தில் கூரையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

2.
[முதல் தொடக்கம்: 'பிரபஞ்ச ரகசியங்களைக் காக்கும் அந்த மர்மக் கூடத்தில்—' சீச்சீ, வேண்டாம். ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது, கூரைதான் தெரியும்.]

என்ன கூரை அது! மேசன்களுக்குக் கூடம் என்பது உலகம், அதனால் மேலே நீல வானம். நிலவைச் சுற்றி ஏழு குட்டி நட்சத்திரங்கள். நடுவில் தங்க ரேக், அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டிய ஐந்துமுனைச் சுடர் நட்சத்திரம். வழி காட்டுவது அதுதானாம். அளவுகோலையும் மூலைமட்டத்தையும் சின்னமாகக் கொண்டவர்கள், அளக்க முடியாத ஒன்றைத் தலைக்கு மேலே வைத்தார்களே, அந்த மனசுக்கு ஒரு கும்பிடு.

3.
தப்புக்கு வருகிறேன். தரையில் தாள் விரித்து, வாசலுக்கு எதிர்க்கோடியில் உள்ள சங்கத் தலைவரின் நாற்காலிப் பக்கம் நட்சத்திரத்தின் தலை வருமாறு வரைந்தாள். அப்படியே கூரைக்கு ஏற்றினாள். சாரத்தைப் பிரித்துவிட்டு வாசலிலிருந்து பார்த்தால், தலைகீழ்!

(கூரையில் தள்ளி இருப்பது கண்ணுக்குக் கீழே தெரியும். நம்பாவிட்டால் உங்கள் வீட்டு மின்விசிறியை வாசலிலிருந்து பாருங்கள்.)

நாளை ஒரு புதியவர் சேர்கிறார். கண்ணைக் கட்டி அழைத்துவந்து, வாசலருகே கண்கட்டை அவிழ்ப்பார்கள். அவர் முதலில் பார்ப்பது அந்த நட்சத்திரத்தைத்தான்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. இப்பவே சுரண்டிட்டு மாத்தி ஒட்டிடறேன்" என்றாள் தலைவரிடம்.

தலைவர் வயதானவர், நாளையோடு பதவி விடுகிறார். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தார்.

"இத்தன வருஷமா எனக்கு இது தலைகீழாத்தாம்மா தெரிஞ்சுது. வர்றவங்களுக்கு நேரா இருந்தா போதும்னு உக்காந்திருந்தேன். இன்னிக்குத்தான் எனக்கு நேரா நிக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுரண்டிடும்மா. அதான் முறை."

4.
"எப்படிங்க சுரண்டுவேன்? நீங்கதான் பெரிய எழுத்தாளராச்சே, ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

முடிவு அ: சுரண்டினாள். புதியவர் அண்ணாந்து மெய்ம்மறந்து—

முடிவு ஆ: விட்டுவிட்டாள். கடைசி நாளில் தலைவர்—

இரண்டையும் படித்துக் காட்டினேன். "ரெண்டுலயும் ஒருத்தர் வயிறு எரியுது, போங்க" என்றாள்.

எழுதுகிறவனும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறான். எனக்கு இந்தக் கதை தொடக்கத்திலிருந்தே தலைகீழாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு நேராகத் தெரிந்தால் சரி.

ஆகவே முடிவு உங்களுடையது. ஆனால் வாசலில் நின்றபடி சொல்லாதீர்கள். உள்ளே வந்து, ஒரு நிமிடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரேக்கின் பசை இறுகிவிட்டால், சுரண்டும்போது நீலமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். அவள் சுரண்டியோடு ஏணியில் நிற்கிறாள்.