தண்ணீர்த் தாங்கியின் மடிப்பு

என் கணவர் கனகலிங்கத்துக்குக் கடல் ஒத்துவராது. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆம்பிளை, வள்ளத்தில் கால் வைத்தால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தியெடுப்பார். அதனால்தான் தகரவேலைக்குப் போனார். வாளியோ கூரைத் தண்ணீர் ஓடும் பீலியோ எதைச் செய்தாலும் மூலைகள் கத்தி மாதிரி இருக்கும். மடித்து, மரச்சுத்தியலால் தட்டி, பெருவிரல் நகத்தை மடிப்பின்மேல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவரோடு கதைத்தால் நான் தொலைந்தேன்.

எழுபத்துமூன்றில் என் அண்ணை தம்பிஐயா புது வள்ளம் கட்டினார். தண்ணீர்த் தாங்கி செய்யும் வேலையை இவருக்குக் கொடுத்தார். என் பிறந்த வீட்டில் இவருக்குச் 'சத்தி மாப்பிள்ளை' என்றுதான் பெயர். ஏழுபேர் கடலில் குடிக்கும் தண்ணீரை இவரை நம்பி விடுகிறார்கள் என்றால் சும்மாவா? அன்று இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டார்.

"பழைய தாங்கி ஒரு வருசத்திலை துருப்பிடிச்சு உக்கிப் போச்சு, மச்சான். பூச்சுத் தடிச்ச தகரமாப் பாத்துச் செய்," என்றார் அண்ணை.

தகரத்துக்கு மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள். துருவைத் தடுப்பது அதுதான். மெல்லிய பூச்சு என்றால் கடல் உப்புக்கு நிற்காது. தடித்த பூச்சுத் தகரம் அந்த நாட்களில் லேசில் கிடைக்காது. இவர் காங்கேசன்துறைவரை அலைந்து ஒருமாதிரிக் கொண்டுவந்தார். பூச்சில் பெரிய பெரிய பூப்போல வடிவம் விழுந்து மினுங்கிய தகரம். அதையும் வழக்கம்போலக் கத்திமூலையாக மடித்தார்.

பட்டறையைக் கூட்டுவது நான். அன்று மடிக்கும் கட்டைக்குக் கீழே மண்ணில் வெள்ளித்தூள் கிடந்தது. முன்பு ஒருநாளும் அப்படிக் கண்டதில்லை.

"இஞ்சாருங்கோ, மடிச்ச இடத்திலை பூச்சு உதிருதோ?"

"அது தூசி. நீர் உம்மடை அலுவலைப் பாரும்."

சரி, என் அலுவலைப் பார்த்தேன். அவர் மடித்து எறிந்த வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க நானும் ஒரு துண்டை மடிக்கப் பார்த்தேன். என் கைப்பலத்துக்கு அது மடிந்தால்தானே? கடைசியில் உலக்கையில் வைத்துச் சுற்றி வளைத்தேன். இரண்டையும் கடல்தண்ணீர்ச் சட்டியில் போட்டு அடுப்படி மூலையில் வைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

எட்டாம் நாள்தான் வள்ளம் இறக்கும் நாள். தாங்கியைப் பொருத்த இவர் விடியவே கரைக்குப் போய்விட்டார். நான் சட்டியைப் பார்த்தேன். இவர் மடித்த துண்டில் மடிப்பு நெடுகச் செம்மண் பூசின மாதிரித் துரு. மற்ற இடமெல்லாம் மினுக்கம் குறையவில்லை. உலக்கையில் வளைத்த துண்டில் பொட்டுத் துரு இல்லை. இரண்டையும் சேலைமடியில் செருகிக்கொண்டு ஓடினேன்.

புது வள்ளத்தின் தாங்கிக்கு முதல் குடம் தண்ணீரை உடன்பிறந்தவள் ஊற்றவேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். நான் போனதும் அண்ணி தங்கமுத்து மஞ்சள் பூசிய குடத்தை என் இடுப்பில் வைத்துவிட்டாள். இவர் வெள்ளை வேட்டியோடு தாங்கிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் கண்டதில்லை.

"ஊத்து, மீனா. நல்ல நேரம் முடியப்போகுது," என்றார் அண்ணை.

எனக்குக் கை வரவில்லை. "நான் ஊத்தமாட்டன், அண்ணை."

"நல்லநாளும் பெருநாளுமா என்னடி கதைக்கிறாய்?" என்று தங்கமுத்து பாய்ந்தாள். காரணத்தைச் சொன்னால் இத்தனை சனத்துக்கு முன்னால் இவர் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால், நடுக்கடலில் ஏழுபேருடைய நாக்கு வறளும். மடியிலிருந்த துண்டுகளை எடுத்து இவர் கையில் கொடுத்தேன்.

துருவேறிய மடிப்பில் பெருவிரல் நகத்தை ஓட்டினார். நகம் சிவந்தது. "எங்கடை தகரமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம். எட்டு நாள் கடல்தண்ணியிலை கிடந்தது."

உலக்கையில் வளைத்த துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாங்கியின் மூலையைச் சுரண்டினார். பூச்சு செதிலாகக் கழன்று விழுந்தது. சனத்தின் பக்கம் திரும்பினார்.

"மீனாம்பிகையிலை பிழையில்லை. தடிச்ச பூச்சு கூரா மடிச்சா வெடிக்கும், நான் மெல்லிசு மாதிரி மடிச்சுப்போட்டன். பிழை என்ரை. இந்தத் தாங்கியை நம்பிப் போகாதையுங்கோ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் குடத்தோடு நின்று அழுதேன். அவமானத்தில் அழுதேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். இந்த மனுசனைக் கட்டியதற்கு அன்றைக்குப்போல நான் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

வள்ளம் பழைய மரப்பீப்பாவோடு கிட்டத்துக் கடலுக்குப் போய்வந்தது. இவர் மிச்சத் தகரத்தை என் உலக்கையில் வைத்து, அவசரப்படாமல், உருட்டி உருட்டி வளைத்தார். மூன்று வாரம் நான் அயல்வீட்டு உலக்கையில் மாவிடித்தேன். புதுத் தாங்கியில் தேடினாலும் ஒரு கூர் இல்லை. "என்ன மச்சான், பூசணிக்காய் செய்திருக்கிறாய்?" என்றார் அண்ணை. இந்தமுறை முதல் குடத்தை நான் ஊற்றினேன்.

அடுத்த வருசம் ஐப்பசியில் நாலு நாளில் வரவேண்டிய வள்ளம் வரவில்லை. காற்று மாறி அடித்தது. ஐந்தாம் நாளிலிருந்து இவர் சுத்தியலைத் தொடவில்லை. பட்டறை வாசலில் கடலைப் பார்த்தபடியே இருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடக்கும். தாங்கி உக்கி, ஏழுபேரும் தன் கையால்தான் சாகப்போகிறார்கள் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன்.

பத்தாம் நாள் பின்னேரம் அண்ணை வந்தார். கண் உள்ளே போயிருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல், ஈர உடுப்போடு நேரே பட்டறைக்குத்தான் வந்தார். கையில் ஒரு போத்தல்.

"தாங்கியிலை மிஞ்சின தண்ணி, மச்சான். ஏழுபேரும் இவ்வளவு நாளும் இதைத்தான் குடிச்சனாங்கள்."

இவர் போத்தலை வெயிலுக்குப் பிடித்தார். சிவப்பு இருக்கிறதா என்று நெடுநேரம் தேடினார். பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, போத்தலை என்னிடம் நீட்டினார்.

"நீரும் குடியும்," என்றார். "உம்மடை உலக்கைதானே."