கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு குழந்தை

என் இமைகள் சிவந்து வீங்கி இரண்டு வருடமாகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் அலர்ஜி என்றார். இன்னொருவர் பொடுகு என்றார். போன வாரம் பார்த்தவர், இமையோரத்தில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம், எதற்கும் பார்ப்போம் என்றார்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினேன். வாசலிலேயே அம்மா மறித்தாள்.

"பச்சப் புள்ளடி. நீ பாத்தா அதுக்கும் ஒட்டிக்கும்."

"பாத்தா ஒட்டாதும்மா. ஒட்டுனா கையாலதான் ஒட்டும்."

"அப்போ உன்னுது ஒட்டுமா, ஒட்டாதா?"

"இன்னா நோய்னே எந்த டாக்டரும் சொல்லலம்மா."

அம்மா, அக்கா புருஷனின் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டாள். அதோடு அவள் பயம் தீர்ந்தது. நான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவியதைப் பார்த்து, "கையில இன்னாடி கீது? தண்ணிய ஊத்திக்கினே கீற" என்று சிரித்தாள்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். கண்ணாடிக்குள் அதன் முகம் ஒரு நிழலாகத்தான் தெரிந்தது.

"யாரு ஜாடைடி?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் தெரியலக்கா."

"மந்திரி மாதிரி குந்திக்கினு இருந்தா எப்படித் தெரியும்?"

அம்மா அடுப்படிக்குப் போனதும் அக்கா கைநீட்டிக் கண்ணாடியைக் கழற்றினாள். பார்த்தால் ஒட்டாது என்று வாதாடிய நானே கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"தொறடி, லூசு."

திறந்தேன். மூக்கு அப்படியே அம்மாவுடையது.