மூன்று சட்டைகள்

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கத்திரியின் மகள் எடிட்டிங் அறைக்கு வந்தாள். மறுநாள் அப்பாவின் நினைவுக் கூட்டம். அதில் காட்டப்போகும் படத்தை முன்னதாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

கத்திரி என்பது சேனலில் வைத்த பெயர். கால்பந்து எந்த நாட்டில் நடந்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். தொண்ணூறு நிமிட ஆட்டத்தை நான்கு நிமிடமாக நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். பாதி உலகம் சுற்றியவர்; ஒரு ஊரையும் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் பின்னால் நிற்கும் ஒளிபரப்பு வண்டி, ஓட்டல் அறை, விமானம், அவ்வளவுதான். "எனக்கு எல்லா நாடும் ஒரே ஏசிதான்" என்பார். போன மாதம் அப்படி ஒரு வண்டிக்குள்ளேயே, நாற்காலியில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்துவிட்டார்.

படத்தைச் செய்தவர், பல வருடமாக அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர். அதனால் அவர் சின்னக் கத்திரி. பேச்சுவாக்கில் சின்னவர்.

"உட்காரும்மா" என்று படத்தை ஓடவிட்டார்.

கோல்கள் வந்தன. நண்பர்கள் பேசினார்கள். பிறகு வீட்டு சோபாவில் அவளே வந்தாள். "என் பிறந்த நாளுக்கு அப்பா ஊர்ல இருந்ததே இல்ல. ஆனா வீடியோ வந்துடும்." திரையில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க சித்தப்பா. நான் அங்க அழவே இல்லையே."

சின்னவர் நிறுத்தினார்.

"கேமராக்காரர் லைட் ஸ்டாண்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விழுந்தாரே, அப்ப சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துச்சு. அதைத்தானே துடைச்சேன்?"

"ஆமாம்மா. சிரிப்பை எடுத்துட்டு..."

"அழ வச்சிட்டீங்க."

எழுபதாவது நிமிடத்தில் கோல் விழும். தலையில் கை வைத்த ரசிகனைப் பத்தாவது நிமிடத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். தொழிலில் இது சகஜம். யாராவது கேட்டால் கத்திரி ஒரு பதில் வைத்திருந்தார். சின்னவர் இப்போது அதைச் சொல்லத் தொடங்கினார்.

"அதே ஆட்டம், அதே ஆளு, அதே சட்டை. இதுல பொய்..."

பாதியில் அவர் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எடுத்துடறேன்மா."

"அப்பாவும் இப்படித்தான் பண்ணுவாரா?"

"எல்லாரும் பண்றதுதான்."

அவள் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினாள். "அந்த இடத்துல இதைப் போடுங்க. அப்பா அனுப்பின பிறந்த நாள் வீடியோ. மூணு வருஷத்தோடது. வீட்டுக்கு வந்தா தூங்கியே தீர்த்துடுவாரு. எனக்குன்னு உட்கார்ந்து அவர் பேசினது இது மூணுதான்."

சின்னவர் அதை வாங்கி மிஷினில் செருகினார்.

அவை எடுக்கப்பட்டது இந்த அறையில், இந்த நாற்காலியில், ஒரே மத்தியானத்தில். நீண்ட சுற்றுப்பயணத்துக்கு முன்னால் கத்திரி ஒரு பையில் மூன்று சட்டைகளோடு வந்தார். "வண்டிக்குள்ள உட்கார்ந்தா நாள் கிழமை மறந்து தொலைஞ்சிடும் தம்பி. மறந்த அப்பன்னு பேரெடுக்கறதுக்கு இது தேவல." பின்னால் பச்சைத் துணியைக் கட்டியது சின்னவர். பிறகு படத்தில் அந்தத் துணி இருந்த இடத்தில் வெவ்வேறு மைதானங்களை வைத்ததும் அவர்தான். ஒவ்வொரு வருடமும் அவள் பிறந்த நாளன்று கத்திரியின் மெயிலிலிருந்து அனுப்பியதும் அவர்தான். மூன்றாம் வருடம் அனுப்பிவிட்டுப் போனில் சொன்னபோது கத்திரி கேட்டார்: "இன்னைக்கா?" இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சித்தப்பா, மிஷின்ல ஏறலையா?"

"ஏறுதும்மா."

எந்தக் காட்சி வந்தாலும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எடிட்டரின் கைப்பழக்கம். மனம் வேறெங்கோ இருந்தது. கை தன் வேலையைச் செய்துவிட்டது.

திரையில் வரிசையாக மூன்று கத்திரி. நீலச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, வெள்ளைச் சட்டை. பின்னால் மூன்று மைதானம். மூவரும் ஒன்றாகக் கையை உயர்த்தினார்கள். "பாப்பா, பின்னாடி பாரு, எல்லாரும் உனக்குத்தான் கை தட்டறாங்க."

உயர்ந்த மூன்று கையிலும் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. மூன்றிலும் அதே ஓரம் பிய்ந்து தொங்கியது. அன்றைக்குச் சின்னவர் கண்ணில் அது படவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் படவில்லை.

அவர் மூடப் போனார்.

"இருங்க" என்றாள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சின்னவர் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, மூணு வருஷமும் அப்பா விரல்ல ஒரே காயமா?"