இடுப்பில் வாங்கிய கனம்

மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது அவளுடைய தோள்பையின் வார் அறுந்தது. காமிரா கழுத்தில் தொங்கியதால் தப்பித்தது. லென்ஸ் ஒன்று மட்டும் பையின் வாயிலிருந்து எகிறி விழுந்து, ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி, அவசரமே இல்லாததுபோல் இறங்கிப்போய், படி திரும்பும் இடத்தில் சுவரில் முட்டி நின்றது. அவள் ஓடிப்போய் எடுக்கவில்லை. இருந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வார் அறுந்த வேகத்தில் வலது தோளிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஒரு வலி. ஆறு மாதமாகவே அந்தக் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை.

மேலேயிருந்து பெரிய சிஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவர்.

"உடஞ்சிடுச்சா?"

அவள் மெல்ல இறங்கிப்போய் எடுத்துப் பார்த்தாள். "மேல மாட்டுற காப்புக் கண்ணாடிதான் சிஸ்டர். லென்ஸ் தப்பிச்சிடுச்சு."

"உன் தோள் தப்பிக்காது. இது மூணாவது பை. முதுகுல மாட்டுற மாதிரி ஒண்ணு நல்லதா பாத்து வாங்கித் தொலையேன். நீ படுத்துட்டா நான் இங்க யாரைக் கூப்பிடறது?"

உண்மைதான், கூப்பிட வேறு ஆள் இல்லை. வெளியே அவள் கல்யாணமும் பள்ளிக்கூட ஆண்டு விழாவும் எடுக்கிற சாதாரணப் படக்காரிதான். இந்த வார்டுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ சிஸ்டர் கூப்பிடுவார். மூச்சில்லாமல் பிறந்த குழந்தைகள், பிறந்து சில மணி நேரமே இருந்த குழந்தைகள். பெற்றவர்கள் சரியென்றால் அவள் படம் எடுப்பாள். ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, ஃபிளாஷ் போடாமல், வருகிற வெளிச்சத்தில். ஒரு காதுமடல், சுருட்டிய விரல்கள், பாதம், உச்சிச் சுழி, கடைசியாக முகம். படங்களை உறையில் போட்டு சிஸ்டரிடம் கொடுத்துவிடுவாள். சிலர் மறுநாளே வாங்கிப்போவார்கள். சிலர் ஒரு வருடம் கழித்து, எதற்கோ வந்ததுபோல வந்து, "அப்ப எடுத்தீங்களே..." என்று இழுப்பார்கள்.

அவள் எப்படி இந்த வேலைக்கு வந்தாள் என்று சிஸ்டர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் அவளுக்கும் ஒன்று பிறந்தது. இரண்டு நாள் அவளுக்கு நினைவில்லை. கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையைப் பார்த்தது அவள் புருஷன் மட்டும்தான். படம் எதுவும் இல்லை. முகம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு முதல் வருடம், "உன்ன மாதிரிதான்" என்றான். அடுத்த வருடம், "எங்க அக்கா சாயல்" என்றான். மூன்றாவது தடவை எழுந்துபோய், சொட்டாத குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் புருஷனும் பை வாங்கப் போனார்கள். காமிராக் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது கடை. தரையிலிருந்து கூரை வரை பைகள். கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். அவள் கையைக் காட்டி, வண்ணம் பிடித்திருந்த ஒரு பையைக் கேட்டாள்.

"அது நல்லாதாம்மா இருக்கு. ஆனா பையை கண்ணால வாங்கக் கூடாது, முதுகால வாங்கணும்" என்றார். "என்னென்ன தூக்குவீங்க?"

அவள் சொல்லச் சொல்ல மேசைக்கு அடியிலிருந்து துணியில் தைத்த மணல் பொட்டலங்களை எடுத்து அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருந்தது: காமிரா, சின்ன லென்ஸ், பெரிய லென்ஸ், லைட், தண்ணி பாட்டில். எல்லாவற்றையும் பையில் இட்டு அவள் முதுகில் ஏற்றி, "மேல ஏறி இறங்கிட்டு வாங்க" என்று அனுப்பினார். வண்ணப் பை படியேறும்போதே பின்னால் இழுத்தது. இரண்டாவது பை பின்கழுத்தில் இடித்தது. கூடவே ஏறி இறங்கிய அவள் புருஷனுக்கு மூச்சு வாங்கியது. அவன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிறவன எல்லாம் மேல ஏத்தி இறக்குறேன், என்ன இப்படி நடக்க வுடறியே" என்றான்.

மூன்றாவது, ஒரு சாம்பல் நிறப் பை. பார்க்க ஒன்றுமே இல்லை. துணி தடிமன், தையல் இரட்டை. திறப்பு வெளிப்பக்கம் இல்லை, முதுகில் ஒட்டியிருக்கும் பக்கத்தில் இருந்தது. மாட்டியிருக்கும்போது யாரும் பின்னாலிருந்து திறக்க முடியாது. கடைக்காரர் தோள்வாரை இழுத்துவிட்டார். இடுப்பைச் சுற்றி வந்த அகலமான பட்டையை அவளையே பூட்டச் சொன்னார்.

"கனத்த தோள்ல வாங்காதீங்கம்மா. இடுப்புல வாங்குங்க. பொம்பளைங்களுக்கு சொல்லியா தரணும்?"

அவள் பட்டையை இறுக்கினாள். ஆறரைக் கிலோவும் தோளைவிட்டு நழுவி இறங்கி, இடுப்பெலும்பின்மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. படியேறி இறங்கினாள். வலியே இல்லை. இன்னொரு தடவை ஏறி இறங்கினாள்.

"எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று புருஷன் கேட்டான்.

"உங்க புள்ளை காலேஜ் போறப்பவும் இதையே மாட்டிக்கிட்டு போகலாம் சார்" என்றார் கடைக்காரர், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. "பதினஞ்சு நாள் வச்சிருங்க. ஒத்துவரலேன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்."

முதல் வாரம் பையை அவள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடாத குறைதான். தோள்வலி இருந்த இடம் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வார்டுக்கு அதை மாட்டிக்கொண்டு படியேறியபோது சிஸ்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அன்றைக்கு ஒரு பெண் குழந்தை. அம்மாக்காரி சின்னப் பெண், அழுது முடித்திருந்தாள். "கண்ணு தெறந்திருக்கிற மாதிரி எடுக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள். "முடியாதும்மா. இமை அழகா இருக்கு, அதை எடுத்துத் தரேன்" என்றாள் இவள். பை பக்கத்து நாற்காலியில், திறந்து கிடந்தது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். இவள் நின்றுகொண்டு வந்தாள். பின்னால் ஒரு குட்டிப்பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் அவள் நிழல் தெரிந்தது. முகத்தைப் பொத்துவதும் கையை எடுத்து "பே" என்பதும், பிறகு கொஞ்சம் காத்திருந்து விழுந்து விழுந்து சிரிப்பதும். எதிராளி பதிலுக்குச் செய்தால்தான் அப்படிக் காத்திருந்து சிரிக்க முடியும். இவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அவளோடு யாரும் விளையாடவில்லை. குட்டிப்பெண் இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, இவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

குழந்தைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், வீட்டு லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது புருஷன் கேட்டான்: "ஏன் ஆடிக்கிட்டே நிக்கற?"

"யாரு?"

"நீதான். பஸ் ஸ்டாப்லயும் இப்படித்தான் நின்ன."

அவள் கால்களைப் பார்த்தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு, மெல்ல, ஒரு தாளத்தோடு உடம்பை மாற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். நிறுத்தியதும் முதுகில் ஏதோ அசைந்துகொடுத்ததுபோல் இருந்தது. லிஃப்ட் வந்து நாலாவது மாடி போய்ச் சேர்வதற்குள் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் ஆக ஆக பை கனத்தது. களைப்பில் கனக்கிற கனம் இல்லை அது. அக்கா பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் அவள். விழித்திருக்கும் குழந்தை தன் கனத்தில் பாதியைத் தானே தாங்கிக்கொள்ளும், தூங்கியதும் முழுசாக நம்மேல் போட்டுவிடும். மதியம் மூன்று மணிக்கு மேல் பை அப்படித்தான் ஆனது. ஒரு நாள் அவனுடைய வேலைப்பெட்டியிலிருந்த கொக்கித் தராசை எடுத்து, காலையில் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஆறு கிலோ நானூறு. முதுகுப்பக்கத் திண்டு மட்டும், காலையில் மாட்டுவதற்கு முன்பே, வெதுவெதுப்பாக இருந்தது.

பதிமூன்றாம் நாள் பேருந்தில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு அம்மாள், இவள் காதருகே குனிந்து ரகசியக் குரலில் சொன்னாள்: "ஏம்மா, தலை ஒரு பக்கமா தொங்குது பாரு. கழுத்து வலிக்கும். நான் வேணா புடிச்சுக்கட்டா?"

அந்த அம்மாள் கையை நீட்டி, சாம்பல் துணியைத் தொட்டதும், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். "பையா? அட... கண்ணுல என்ன கோளாறோ, நான் என்னமோ நெனச்சு..." என்று சிரிக்கப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனாள். இறங்கியவள் நடைபாதையில் நின்று, பேருந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பையிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டில்மேல் பரப்பினாள். உள் தடுப்புகளைக்கூட உரித்தெடுத்தாள். கவிழ்த்துத் தட்டினாள். ஒரு நூல்கூட விழவில்லை. பிறகு வெறும் பையை முதுகில் மாட்டி, இடுப்புப் பட்டையைப் பூட்டினாள்.

கதவருகே வந்து நின்ற அவள் புருஷன், அவள் நிற்கிற நிலையைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றான்.

"காலி பைங்க இது."

"சரி."

"கனக்குதுங்க."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எந்திரம் தெரிந்த ஆள். கனம் என்றால் கயிற்றுக்குத் தெரிய வேண்டும், கயிற்றுக்குத் தெரியாத கனம் கிடையாது என்கிறவன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"குடுத்துடலாம் அதை. நாளான்னைக்கு கெடு முடியுது, நாளைக்கே நான் கொண்டுபோய் குடுத்துட்டு வரேன். அந்த வார்டு வேலையும் போதும், விட்டுடு."

"பையைத் திருப்பிக் குடுத்துடுங்க. வேலையை விட மாட்டேன்."

"எதுக்கு இப்படி ஊரான் புள்ளை மொகத்தையெல்லாம் பாத்துக்கிட்டு திரியற?"

"நம்ம புள்ளை மொகத்த நீங்க சொல்லலியே" என்றாள் அவள்.

அவன் அவள் இடுப்புப் பட்டையைக் குனிந்து தானே கழற்றிவிட்டான். பையைக் கழற்றி வாங்கும்போது அவன் கை ஒரு நொடி கீழே இறங்கி, நின்றது. கனமான எதையோ வாங்குகிற கை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் பையைக் கையில் பிடித்தபடி கிளம்பினான். கடை நடந்து போகிற தூரம்தான், இருபது நிமிடம். பதினோரு மணிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பன்னிரண்டுக்குக் கூப்பிட்டாள், போன் சமையலறையிலேயே ஒலித்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறான். ரசீதுக்குப் பின்னால் எழுதியிருந்த கடையின் போன் எண்ணை நல்லவேளையாக அவள் குறித்து வைத்திருந்தாள்.

"வந்தாரேம்மா" என்றார் கடைக்காரர். "பத்தரைக்கே வந்துட்டார். வாசப்படியில உக்காந்தார், உள்ள வரவேயில்லை. என்ன சார்னேன். ஒண்ணுமில்ல, தோள்வார சரிபண்ணித் தாங்க, எனக்கு கொஞ்சம் பெருசா வேணும்னார். பண்ணிக் குடுத்தேன். மாட்டிக்கிட்டு போயிட்டார். ஏன், வீட்டுக்கு வரலியா?"

அவள் பால்கனியில் போய் நின்றாள். உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வெகு நேரம் கழித்து, முனையில் அவன் திரும்பி வருவது தெரிந்தது. எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகிறவன்போல நடக்கிறவன், அடிமேல் அடியாக வந்தான். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பையின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தான். கைக்குட்டையைப் பையின் தலைமேல் விரித்திருந்தான். மரநிழல் எதிர்ப்பக்கம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்து, நிழலுக்குக் கடந்தான். படுத்திருந்த தெரு நாய் ஒன்று எழுந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் சற்று மேலே பார்த்துக் குரைத்தது. அவன் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நாய் போகும்வரை நின்றான். அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தனியாகப் பேசுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

கட்டடத்துக்குள் நுழைந்தான். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அவன் கையாலேயே போன மாதம் எண்ணெய் போட்ட லிஃப்ட் அது, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. படியில்தான் காலடி கேட்டது.

"ஒண்ணு..." என்றான். இடைவெளி. "ரெண்டு..." மறுபடி இடைவெளி, யாரோ திருப்பிச் சொல்லி முடிக்கட்டும் என்று விடுகிற அளவுக்கு. "மூணு..."

அவள் வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். எண்ணிக்கை முதல் மாடி தாண்டியது, இரண்டாவது தாண்டியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மறுபடி காலடி, செருப்பைக் கழற்றிவிட்ட வெறுங்கால், ஒவ்வொன்றாக, எண்ணாமல்.

குக்கர் விசில் அடிப்பதற்குள் அவள் அடுப்பை அணைத்தாள். ஃபேனைக் குறைத்தாள். தாழ்ப்பாளின்மேல் முந்தானையைச் சுற்றிப் பிடித்து, சத்தம் வராமல் இழுத்தாள்.