சத்து மாத்திரை

ஆணுறை கிழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மகள் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்த நேரம். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "கிழிஞ்சு போச்சு" என்றான். எது என்று கேட்க வாயெடுத்தவள், அவன் கையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பயம் வரவில்லை. பயமெல்லாம் பட்டு முடித்தாயிற்று. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவனுக்கு இருமல் நிற்காமல் போய், காசநோய் என்று தெரிந்து, அதற்காக எடுத்த ரத்தத்தில்தான் எச்.ஐ.வி. இருப்பதும் தெரிந்தது. கல்யாணத்துக்கு முந்தைய சமாசாரம். ஒரு தடவை சொன்னான். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. அப்போது மகள் வயிற்றில். அவளுக்கு டெஸ்ட் எடுத்து, இல்லை என்று வந்தபோது, "வயித்துப் புள்ளையோட நம்ம வீட்டுக்கே வந்துடு" என்று அவளுடைய அக்கா காலிப் பெட்டியோடு வந்து நின்றாள். அவள் போகவில்லை. தியாகம் என்றெல்லாம் அவள் அதை நினைத்ததில்லை. படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவன், "போறதுன்னா போயிடு, நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னது என்னவோ போல இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு மாத்திரை அவனைத் தூக்கி நிறுத்தியது. பழையபடி சாரத்தில் ஏறி நான்கு மாடிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆளானான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவின் மூலம் மனைவிக்குத் தொற்றாது என்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அதற்கப்புறமும் உறை இருந்தது என்றால், இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பதற்காகத்தான்.

அதனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? வந்தா இன்னொரு பாப்பா வரும். அதுக்கும் மாத்திரை இருக்கு, வாங்கிக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்றான்.

இதுதான் அவளை உறுத்தியது. ஆஸ்பத்திரி என்றால் ஆயிரம் சாக்கு சொல்கிறவன். வெளியூர் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, "போற வழியில நானே மாத்திரை வாங்கிக்கிறேன், நீ லீவு போட வேணாம்" என்று அதையும் தானே பார்த்துக்கொண்டான். அந்த ஆள் தானாகப் போகலாம் என்கிறான். அன்று மாலை முழுக்க மகளுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் அவனையே ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆலோசனை அறையில் இருந்த அம்மா அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். தலை பாதி நரைத்தவர். மகள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே தெரிந்தவர். எப்போது நடந்தது, கிழிந்தது எப்போது தெரியவந்தது, புண் ஏதாவது இருந்ததா என்று காய்கறி விலை கேட்பது போலக் கேட்டார். அந்தக் குரலில் கேட்டதால் பதில் சொல்லவும் முடிந்தது. பிறகு கணினியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். புன்னகை போய்விட்டது.

"தம்பி, உங்களுக்குப் பல தடவை போன் பண்ணோம். நான் சொல்றதை விட நீங்களே அவங்ககிட்ட சொல்லிடறது நல்லது."

அவன் உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டான். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"ஆறு மாசமா சாப்பிடல" என்றான்.

அவளுக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பது போல. வெளியூரில் எட்டுப் பேருக்கு ஒரே அறை. ஒருத்தன் பையிலிருந்த டப்பாவை எடுத்து, இது என்ன என்று கேட்டான். சத்து மாத்திரை என்று இவன் சொன்னான். அப்படியென்றால் எனக்கும் ஒன்று என்று அந்த ஆள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மறுநாள் அந்த ஆள் சாரத்தில் தலைசுற்றி நின்றபோது, விழுந்து செத்தால் தன்னால்தான் என்று இவன் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். அந்த ஆள் விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் அந்த டப்பாவைப் பற்றியே கேலி பேசினார்கள். ஒருநாள் இவன் அதைக் காலி பெயிண்ட் டின்னில் போட்டு மூடி, குப்பையோடு அனுப்பிவிட்டான். ஊருக்குப் போய் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

"உறை இருக்குல்ல, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்று முடித்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீ தெரிஞ்சேதான என்கிட்ட வந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவன் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

அந்த அம்மா அவளிடம் மட்டும் பேசினார். "ஒரு தடவையிலேயே ஒட்டிடும்னு இல்லைம்மா. ஆனா ஒட்டாதுன்னு நான் சொல்ல மாட்டேன், அவர் உடம்புல கிருமி இப்ப ஏறியிருக்கும். நேத்துதான நடந்துச்சு, சீக்கிரமா வந்துட்டீங்க. ஒட்டாம தடுக்கிற மருந்து இருக்கு, மூணு நாள் தாண்டிட்டா அது உதவாது. முதல் மாத்திரையை இங்கேயே போட்டுக்குங்க, நாலு வாரம் ஒரு நாள்கூட விடக் கூடாது." இன்றைக்கு எடுக்கிற டெஸ்ட் நேற்று நடந்ததைச் சொல்லாது, அதற்கு முந்தைய நிலைமையை மட்டும்தான் சொல்லும் என்றார். அந்த முந்தைய நிலைமையில்தான் அவளுக்கு உயிர் போனது. ஆறு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து போயிருப்பான். நடைக்கூடத்தில் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது, மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதற்கு அக்கா சம்மதிப்பாளா, தன்னையே வீட்டுக்குள் விடுவாளா என்று வரிசையாக ஓடியது. டெஸ்டில் இல்லை என்று வந்தது. அவனுக்கும் குழாய் குழாயாக ரத்தம் எடுத்துக்கொண்டு, புதிதாக மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஹோட்டல் துணி துவைக்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். மாத்திரை வயிற்றைப் புரட்ட, முதல் வாரத்திலேயே இரண்டு தடவை விரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். எதிர்முனையில் நிற்பவள் கண்ணைச் சிமிட்டினாள். "என்னடி, விசேஷமா?"

"அதெல்லாம் இல்லக்கா. சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. வயித்துக்கு ஒத்துக்கல."

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. எட்டுப் பேர் அறையில் அவன் எப்படி நின்றிருப்பான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. தெரிந்தது பிடிக்கவில்லை. அவன் மேல் இருக்கிற கோபத்தில் ஒரு துளிகூடக் குறையக் கூடாது என்று, அடுத்த விரிப்பைத் தேவைக்கு மேல் இழுத்துப் பிடித்தாள். "கிழிச்சிடாத, தாயே" என்றாள் எதிரே இருந்தவள்.

அவன் வெளியூர் வேலையை விட்டுவிட்டு உள்ளூரிலேயே கிடைத்த வேலைக்குப் போனான். தினமும் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்கும்வரை சமையலறை வாசலில் நின்றான். அவள் பார்ப்பாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நீங்க என்ற வார்த்தை அவளுக்குத் திரும்பவில்லை. நீ என்று கூப்பிடவும் மனசு வரவில்லை. அதனால் ஆளே இல்லாமல் பேசப் பழகினாள். சாப்பாடு இருக்கு. கதவைச் சாத்தணும். பாப்பாவுக்கு நோட்டு வாங்கணும். மகள் மட்டும் ஒருநாள், "அம்மா, அப்பா உனக்கு யாரு?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்வி தனக்கே வேடிக்கையாக இருக்கவே சிரித்துக்கொண்டு ஓடினாள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த டெஸ்டிலும் இல்லை என்றே வந்தது. "நல்ல அறிகுறி. ஆனா மூணு மாசத்துல எடுக்கிறதுதான் கடைசி" என்றார் அந்த அம்மா. அவன் நடைக்கூடத்துக் குழாயடியில் முகத்தைக் கழுவுவது போல நின்று அழுதான். தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. போய்த் தொடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் தொட்டிருப்பாள். இது தனக்கு ஆகியிருக்கக்கூடியது. "பஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

கடைசி டெஸ்ட் அன்று அவன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி நின்றான். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, முடிவுக்காகச் சுவரோர இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவள் உட்கார்ந்த பிறகு அவன் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான். கூடம் நிறைந்துகொண்டே வந்தது. மூடியிருந்த கதவுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கையில் கட்டுப் போட்ட ஒரு மனிதர் இடம் தேடிக்கொண்டு வந்து, அவர்களுக்கு நடுவே இருந்த காலி நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

"இங்க ஆள் இருக்கா?" என்று அவனிடம் கேட்டார்.

அவன் அவளைப் பார்த்தான். அந்த மனிதரும் அவளைப் பார்த்தார். அந்த நாற்காலி காலியா, அவனுக்கா என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.