சாம்சனைத் தாங்கும் கட்டில்

சாம்சன் படுத்தால் கட்டில் தாங்குமா? ஒரு வாரமாகப் பாக்கியராஜுக்கு இதே கவலைதான்.

போன கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மைத்துனன் சாம்சன், பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தான். பலகைகள் படபடவென முறிந்து ஆள் தரைக்குப் போய்விட்டான். தூக்கிவிட வேண்டிய பாக்கியராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தொலைத்தார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியவன், கூடப்பிறந்த அக்காவுக்குக்கூடப் போன் செய்யவில்லை. இப்போது ஈஸ்டருக்கு வருகிறானாம்.

“இந்த வாட்டியும் என் தம்பி வுழுந்தான்னா பாத்துக்கங்க, அவங்கூடவே நானும் போய்டுவேன்” என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கியராஜுக்கு அது தாங்கவில்லை.

முறிந்த பலகைகளுக்குப் பதிலாக ராபர்ட்சன்பேட்டை மரக்கடையில் புது ரீப்பர் கட்டைகள் வாங்கிவந்தார். ஊரின் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதற்குள் பாறைக்கு மரம் முட்டுக் கொடுத்த மனிதர். கட்டிலெல்லாம் அவருக்கு ஒரு வேலையா? சந்தே இல்லாமல் கட்டைகளை நெருக்கிப் போட்டு, ஓரத்தில் ஆப்பு வைத்து அடித்தார்.

“காத்து போவ சந்து வாணாவா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“சந்து வுட்டா மேல பாறை எறங்கிடும்.”

“இது கட்டிலுங்க!”

“எல்லாம் ஒண்ணுதான், நீ போ.”

சாம்சன் வந்தான். சாப்பிடும்போது எதிரிலிருந்த பாக்கியராஜை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “அக்கா, உன் வூட்டுக்காரரு பக்கத்துல இருக்கிற கறிச்சட்டிய இப்படித் தள்ளச் சொல்லு” என்றான். பாக்கியராஜ் சட்டியைத் தள்ளிவைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் கட்டிலை ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் படுத்தான். பாக்கியராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நெருக்கி அடித்த கட்டைகள் ஒன்றோடொன்று உரசி, ‘கிர்ர்ர்ர்’ என்று அலறின.

சுரங்கத்தில் முட்டு மரம் கத்தினால் பாறை இறங்கப் போகிறது என்று அர்த்தம்; ஏன், என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சாம்சனும் பெங்களூர் போகும்முன் பாக்கியராஜோடு ஒரே ஷிஃப்டில் சுரங்க வேலை பார்த்தவன்தான்.

“மாமா, ஓடுங்க!”

சாம்சன் துள்ளி எழுந்து பாக்கியராஜின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். சத்தம் கேட்டு அடுத்த வீட்டு டென்சிலும் பாதி சவரத்தோடு ஓடிவந்தார். அவரும் பழைய சுரங்கத்துக்காரர்தான். மூவரும் தெருக்குழாயடியில் மூச்சு வாங்கினார்கள்.

கரண்டியோடு வந்தாள் ஜெசிந்தா. “இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?”

“மரம் கத்திச்சுக்கா!”

அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “கட்டிலு கல்லாட்டம் கீது. உங்க ரெண்டு பேருக்குந்தான் மறை கழண்டு போச்சு.”

பாக்கியராஜுக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார். சாம்சன் இன்னும் அவர் மணிக்கட்டை விடவில்லை.

“என்னிய வுட்டுட்டு ஓடியிருக்கலாமேடா.”

“உங்கள உள்ள வுட்டுட்டு வந்து அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன் மாமா?”

“அன்னிக்கு நான் சிரிச்சது தப்புடா.”

“அத்த வுடுங்க. இப்ப சிரிச்சுக்கங்க, எனக்கே அடக்க முடியல.”

டென்சில்தான் முதலில் ஆரம்பித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அன்று மத்தியானம் மாமனும் மைத்துனனும் தரையில் பாய் விரித்துக் குறட்டை விட்டார்கள். ஜெசிந்தா அந்தக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். அவள் எடைக்கு அது வாயே திறக்கவில்லை.