நான்கு புதுக் கண்ணாடிகள்

லியாவ் முதலாளி நான்கு பாதுகாப்புக் கண்ணாடிகளையும் உறையிலிருந்து உருவி, மொட்டைமாடிச் சுவரின் சொரசொரப்பில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பழசாகத் தெரிய வேண்டுமாம். வாய் நிறையப் பாக்கு. அவ்வப்போது காகிதக் கோப்பைக்குள் சிவப்பாகத் துப்பிவிட்டு, அதே கையால் கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரிடம் கூரை வேலை பார்க்கும் பீ-யுன், பாதி குடித்த சோயாப் பாலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்மா, மரம் மாதிரி நிக்காம ரெண்ட நீயும் எடுத்துத் தேயேன். பத்து மணிக்கு அந்தத் தொழிலாளர் ஆபீஸ் பொண்ணு வந்துரும். பளபளன்னு இருந்தா நேத்து வாங்குனதுன்னு கண்டுபிடிச்சிரும்ல?"

"நேத்துதானே வாங்குனீங்க மொதலாளி."

"இன்னும் சத்தமாச் சொல்லு. மீன் மார்க்கெட்டு வரைக்கும் கேக்கட்டும்."

சூறாவளி போன பிறகு டோங்காங் ஊர் முழுக்கத் தகரக் கூரை வேலைதான். இந்த நான்கு மாடி வீட்டின் உச்சியிலும் பழைய கூரை பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பீ-யுன், ஆ-தீயென், இன்னும் இரண்டு பேர் என்று நால்வர் ஏறினார்கள். முதல் நாளிலிருந்தே அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அது முகம் முகமாகச் சுற்றும். ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பார், பீ-யுன் கைப்பேசியில் படம் எடுப்பாள், கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். இரவல் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கல்யாணப் படம் எடுத்தது போல நான்கு படங்களும் முதலாளிக்குப் போகும். பிறகு கண்ணாடி கருவிப் பெட்டிக்குள் போய்விடும். ஆறு மணி நேரப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து அட்டை வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்தப் படம் எடுக்கும் உத்தியோகம் அவளுக்கு. "மாப்ள மாதிரி சிரிடா" என்று ஆ-தீயெனிடம் சொன்னவளும் அவள்தான். நினைத்தால் தன் வாயிலேயே நாலு போடலாம் போல இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அவன் அப்படிச் சிரித்த அரைமணி நேரத்தில் அது நடந்தது. வட்ட ரம்பத்தின் பல்லை மறைக்கும் மூடி நெளித் தகரத்தின் மேடுகளில் தட்டித் தட்டி நிற்கும். அதனால் எல்லோருமே அதைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வெட்டுவார்கள். அடியில் முட்டுக் கிடையாது. தகரம் எகிறியது, பல் கவ்வியது, துணுக்கு ஒன்று தெறித்து அவனுடைய வலது கண்ணுக்குள் போனது. அந்தக் கண் இனித் தெரியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நேற்று ஆஸ்பத்திரியில் பாதி முகம் கட்டுக்குள் இருக்க, ஆ-தீயென் சொன்னான்: "அக்கா, நாங் கண்ணாடி போட்டிருக்குற அந்தப் படம் இருக்குல்ல? கம்பெனி குடுத்துச்சு, இவனாத்தான் கழட்டிட்டான்னு அத வச்சே மொதலாளி பழிய எந்தலையில கட்டப் போறாரு. அப்புறம் எனக்குச் சல்லிக்காசு கெடைக்காது, எவனும் வேலைக்கும் கூப்புட மாட்டான்." கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணும் பேசிராத. காயிதத்துல பாதுகாப்புக்கு ஒம் பேருதான் இருக்கு" என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இன்று விடிந்ததும் ஆள் விட்டு மாடியில் படையல் மேசை போட்டுவிட்டார். அலையும் ஆவிகளுக்குப் பழம், பிஸ்கட், கோலா, ஊதுவத்தி. ரத்தம் கழுவிய இடத்தைப் பார்த்துக் கண்ணை மூடி மூன்று முறை குனிந்தார், முகத்தில் அவ்வளவு பக்தி. தூ! ஆவிக்குப் பயப்படுகிறவனுக்கு ஆளைப் பார்க்கப் பயம்.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிலாளர் ஆபீஸ் அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். சின்னப் பெண், மார்போடு ஒரு கெட்டி அட்டைக் கோப்பு. முதலாளி குழைந்தார்.

"பாருங்க மேடம், நாலு பேருக்கும் ஆளுக்கொண்ணு. போட்டோவும் இருக்கு. குடுக்குறது நம்ம கடமை, போட மாட்டேன்னா புடிச்சா மாட்ட முடியும்?"

அவள் படங்களைப் பார்த்தாள். "இத எடுத்தது யாரு?"

"நாந்தான்" என்றாள் பீ-யுன்.

"பாதுகாப்புப் பொறுப்பும் ஒங்க பேர்லதான் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"சரி. வழக்கமா எப்படி வெட்டுவீங்களோ, ஒரு தகடு வெட்டிக் காட்டுங்க."

முதலாளி ஓடினார். இதுவரை அவர் ஒரு ஆணியைக்கூடக் குனிந்து எடுத்து யாரும் பார்த்ததில்லை. இன்று அவரே இரண்டு கட்டைகளைப் போட்டு, மேலே தகரத்தை வைத்து, இறுக்கியால் இறுக்கினார். கையுறையையும் கண்ணாடியையும் நீட்டினார். "வகுப்புல சொன்ன மாதிரி" என்று காதருகில் முணுமுணுத்தார். பாக்கு வாடை முகத்தில் அடித்தது.

பீ-யுன் கண்ணாடியை மாட்டினாள். அவர் தேய்த்த தேய்ப்பில் எல்லாம் பனிமூட்டமாக இருந்தது. வெட்ட வேண்டிய கோடு எங்கே என்றே தெரியவில்லை. சிரிப்பு வந்தது.

"இதப் போட்டா ஒண்ணுந் தெரியல" என்று கழற்றி, ஊதுவத்தி மேசைமேல் வைத்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

அவள் குனிந்தாள். இறுக்கியைத் தளர்த்தினாள். கட்டைகளைக் காலால் தள்ளினாள், தகரம் தரையில் மடாரென்று விழுந்தது. கிடந்த கம்பித் துண்டை எடுத்து ரம்பத்தின் மூடியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினாள். இரண்டே சுற்று. கை எவ்வளவு பழகிப்போய்ச் செய்கிறது என்று பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தகரத்தின்மேல் இடது காலை வைத்து அழுத்தினாள்.

"இப்படித்தான் மேடம். அவனும் இப்படித்தான், நானும் இப்படித்தான், எல்லாரும். இருந்தது ஒரே கண்ணாடி, அதுவும் படத்துக்கு. எம் பேரையும் சேத்தே எழுதிக்கங்க."

முதலாளி என்னவோ கத்தத் தொடங்கினார். பீ-யுன் முகத்தை ஒருபக்கம் திருப்பி, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள். அவர் குரல் ரம்பத்தின் அலறலில் மூழ்கியது. பொறி வாரியடித்தது. தகரம் அதிர்ந்து காலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திறந்திருந்த ஒற்றைக் கண்ணின் ஓரத்தில், அந்தச் சின்னப் பெண் கோப்பை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீர்த் தொட்டி முதுகில் இடிக்கும்வரை பின்னுக்கே நகர்ந்தாள்.